வாட்ஸைக் கடைசியில் பாருங்கள்: வீட்டு ஆடியோவின் சொற்களை அறையிலிருந்து தொடங்கிப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடியோ கடையில் முதலில் காதில் விழும் சொல் வாட்ஸ்தான். ‘5000 வாட்ஸ் சார்’ என்று அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டுவார்கள். கல்லூரிக் காலத்தில் மாதக்கணக்கில் காசு சேர்த்து நான் வாங்கிய முதல் செட்டும் அப்படி ஒரு பெரிய எண்ணை நம்பி வாங்கியதுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பியதும் குரல் கிழிந்தது, தவில் தகர டப்பா போல ஒலித்தது. அப்புறம்தான் பின்பக்கம் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் படித்தேன். அந்தப் பெட்டி சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரமே 45 வாட்ஸ். 45 வாட்ஸ் வாங்கும் பெட்டி 5000 வாட்ஸ் எப்படிக் கொடுக்கும்?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கற்றேன். சொற்களின் பொருளைவிட, அவற்றை எந்த வரிசையில் படிக்கிறோம் என்பது முக்கியம் என்று இன்று உறுதியாக நம்புகிறேன். ஒலி போகும் வழி இது: பாட்டு இருக்கும் போன் அல்லது பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், அறை, காது. விளம்பரங்கள் இந்த வரிசையின் நடுவில் உள்ள ஆம்ப்ளிஃபயரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நாம் பின்னாலிருந்து வருவோம். காதும் அறையும் முதலில், ஸ்பீக்கர் அடுத்து, வாட்ஸ் அதற்கும் பிறகு.

கணக்குப் போட ஓர் அறை வேண்டும். நம் ஊரில் பல வீடுகளில் இருக்கும் 12 அடிக்கு 10 அடி ஹாலை எடுத்துக்கொள்கிறேன். உயரம் 10 அடி, கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை.

படி 1: அறையில் நின்று கை தட்டுங்கள்

ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் ‘டிர்ர்ர்’ என்று ஒரு வால் நீள்கிறதா? எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்து போலப் போய்ப் போய் வரும் சத்தம் அது. இதற்கு ஃப்ளட்டர் எக்கோ என்று பெயர். அறையில் ஒலி அடங்கி மறைய எடுக்கும் மொத்த நேரத்துக்கு ரிவெர்பரேஷன் நேரம், தமிழில் எதிர்முழக்க நேரம் என்று பெயர். சத்தம் 60 டெசிபல் (சத்தத்தின் அலகு, படி 2இல் வரும்) குறைய எடுக்கும் நேரத்தை வைத்து அதை அளக்கிறார்கள்.

இதை முதன்முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்கவே 5 நொடிக்கு மேல் ஆனது. சபைன் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து வைப்பார், அளப்பார், விடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவார். மெத்தை கூடக்கூட நேரம் எப்படிக் குறைகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அவர் தன் சூத்திரத்தை எழுதினார். இன்றும் அரங்கம் கட்டுகிறவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள்.

நமக்கும் அதே வழிதான். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே தரையில் ஒரு கனத்த ஜமுக்காளம், ஒரு பக்கச் சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரைச்சீலை, எதிர்ப்பக்கம் ஒரு புத்தக அலமாரி. போட்டுவிட்டு மறுபடி கை தட்டிப் பாருங்கள். வால் குறைந்திருந்தால், நீங்கள் இன்னும் வாங்காத ஸ்பீக்கரின் தரம் இப்போதே ஒரு படி உயர்ந்துவிட்டது என்று பொருள். ஆடியோவில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை வேறு எதுவும் இல்லை.

ஆனால் துணியும் மெத்தையும் கீச்சு ஒலிகளை மட்டுமே விழுங்கும். பேஸ் எனப்படும் கீழ் ஒலிகளை அவை தொடாது. அங்கே வரும் சிக்கலின் பெயர் ரூம் மோட். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், எந்த அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வில் (அலகு ஹெர்ட்ஸ்), அறை தானாகவே முழங்கும் என்று தெரிந்துவிடும். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். 12 அடி என்பது 3.66 மீட்டர், கணக்குப் போட்டால் 48 ஹெர்ட்ஸ் வருகிறது. 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். நம் ஹாலில் அகலமும் உயரமும் ஒரே 10 அடி என்பதால் 57 ஹெர்ட்ஸில் இரண்டு முழக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். சில பாட்டில் ஒரே ஒரு பேஸ் சுரம் மட்டும் ஜன்னல் கம்பியை அதிர வைக்கிறதே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஸ்பீக்கரைத் திட்டுவதற்கு முன் நாற்காலியை இரண்டடி நகர்த்திப் பாருங்கள். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் வீங்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் 48 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். பின் சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 அடி முன்னால் நாற்காலியைப் போடுவது நல்ல தொடக்கம்.

படி 2: ஹெர்ட்ஸும் டெசிபலும் காதில் பழகட்டும்

ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதே ஹெர்ட்ஸ். கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். 1 கட்டை ஸ்ருதியில் பாடும் ஆண் பாடகரின் சட்ஜமம் சுமார் 131 ஹெர்ட்ஸ். 5 கட்டையில் பாடும் பெண் பாடகரின் சட்ஜமம் 196 ஹெர்ட்ஸ். மேல் சட்ஜமத்துக்குப் போனால் எண் அப்படியே இரு மடங்காகும். இந்த இரட்டிப்பைத்தான் ஆக்டேவ் என்கிறார்கள்.

இளம் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். பேஸ் கிட்டாரின் அடிச் சுரம் 41 ஹெர்ட்ஸ். குரல் ‘கும்’மென்று மூட்டைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை எதுவோ கூடியிருக்கிறது. சொற்கள் தெளிவாகக் கேட்பதற்கு 2,000 முதல் 5,000 வரையிலான பகுதி வேண்டும். ‘ச’, ‘ஸ’ சீறுவது 5,000க்கு மேலே. சலங்கையின் மினுமினுப்பு அதற்கும் மேலே. ஒரு செட்டில் என்ன குறை என்று சொல்ல இந்த நான்கு அடையாளங்கள் போதும்.

டெசிபல் என்ற பெயர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லிடமிருந்து வந்தது. இது கூட்டல் கணக்கில் ஏறாது, மடங்குக் கணக்கில் ஏறும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஆகவே இரண்டு விதிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரின் சக்தி இரு மடங்கானால் 3 டெசிபல் கூடும்; காதுக்குக் ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று மட்டும் தெரியும். சக்தி பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். 50 வாட்ஸுக்குப் பதில் 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது. சத்தத்தை இரட்டிப்பாக்க 500 வாட்ஸ் வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல். வீட்டில் நிம்மதியாகப் பாட்டு கேட்பது 70 முதல் 75. அமெரிக்காவின் தொழிலக நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம்தான். கெட்ட ஸ்பீக்கரை மாற்றிவிடலாம். உள்காதில் ஒலியை உணரும் மயிர் செல்கள் செத்தால் திரும்ப வளராது. தயவுசெய்து இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

இன்னொரு சொல், லவுட்னெஸ். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இந்தப் பெயரில் ஒரு பட்டன் இருக்கும். சத்தத்தைக் குறைத்தால் எல்லா ஒலியும் ஒரே அளவில் குறைவதாக நம் காது உணர்வதில்லை. பேஸ் முதலில் மறையும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து வரைபடமாக்கினார்கள். ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்கும்போது பாட்டு சப்பென்று இருப்பது இதனால்தான். அந்த நேரத்துக்கு மட்டும் லவுட்னெஸ் பட்டனைப் போடுங்கள். சத்தமாக வைக்கும்போது அணைத்துவிட வேண்டும்.

படி 3: ஸ்பீக்கரின் தாளைப் படியுங்கள்

காந்தத்துக்கு நடுவே ஒரு செப்புக் காயில், காயிலோடு ஒட்டிய ஒரு கோன். காயிலில் மின்னோட்டம் வந்து போக, கோன் முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ரைஸும் கெல்லாக்கும் 1925இல் வெளியிட்ட அந்த அமைப்பே இன்றும் பெரும்பாலான பெட்டிகளுக்குள் இருக்கிறது. பெரிய கோன் உள்ளது வூஃபர், சிறியது ட்வீட்டர், நடு ஒலிக்குத் தனியாக இருந்தால் மிட்ரேஞ்ச்.

ஸ்பீக்கர் வாங்கும்போது முதலில் தேட வேண்டிய எண் சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் கேட்கிறது என்பதை அது சொல்லும். வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84 முதல் 90க்குள் இருக்கும். 84 உள்ள ஸ்பீக்கரை 87 உள்ளதன் அளவுக்கு ஒலிக்க வைக்க இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும், 90 உள்ளதன் அளவுக்கு நான்கு மடங்கு வேண்டும். ஆம்ப்ளிஃபயர் விலையில் எவ்வளவு மிச்சமாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: தாளில் ‘1 வாட்’ என்பதற்குப் பதிலாக ‘2.83 வோல்ட்’ என்று இருந்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்றே. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 2 வாட்ஸ். அதாவது எண்ணில் 3 டெசிபல் சும்மா கூடியிருக்கும்.

அடுத்தது இம்பிடன்ஸ், அதாவது மின்னோட்டத்தை ஸ்பீக்கர் தடுக்கும் அளவு. இதன் அலகு ஓம். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்தால் 6 ஓமைச் சுற்றிக் காட்டும். பழுது என்று பயப்பட வேண்டாம். மீட்டர் அளப்பது காயிலின் வெறும் தடையை மட்டும். பாட்டு ஓடும்போது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஓம் மாறிக்கொண்டே இருக்கும், எழுதியிருப்பது ஒரு பெயரளவு எண். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ‘4 முதல் 8 ஓம்’ என்று இருந்தால் 4க்குக் கீழே போகக் கூடாது. இரண்டு 8 ஓம் பெட்டிகளை ஒரே டெர்மினலில் பேரலலாகப் போட்டால் 4 ஓம் ஆகும். விசேஷ நாளில் ஆசைப்பட்டு நான்கு போட்டால் 2 ஓம். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் ஐசி (சில்லு) புகைவதற்கு நான் பார்த்தவரை இதுவே பெரிய காரணம்.

அப்புறம் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ். ‘20 ஹெர்ட்ஸ் – 20,000 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அந்த வரியைக் கண்டுகொள்ள வேண்டாம். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரும் 20 ஹெர்ட்ஸில் ஏதோ ஒரு சத்தம் போடும், காதில் விழாத அளவுக்கு. ‘±3 டெசிபல்’, அதாவது அந்த எல்லைக்குள் சத்தம் 3 டெசிபலுக்கு மேல் ஏறவோ இறங்கவோ செய்யாது என்ற சேர்க்கை இருந்தால்தான் அந்த வரி பேசுகிறது. ‘55 – 20,000 ஹெர்ட்ஸ், ±3 டெசிபல்’ என்று எழுதுகிறவர் நேர்மையாக எழுதுகிறார். அவருடைய பெட்டியை நம்பலாம்.

பெட்டியின் வகையும் முக்கியம். முழுக்க மூடிய பெட்டி சீல்டு. ஓட்டை அல்லது குழாய் வைத்தது போர்ட்டட், இன்னொரு பெயர் பேஸ் ரிஃப்ளெக்ஸ். பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932இல் குழாய்ப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, சின்னப் பெட்டியிலும் ஆழமான பேஸ் வரவழைத்தவர் எட்கர் வில்ச்சர், 1954இல். குழாய்ப் பெட்டி அதே அளவில் கூடுதல் பேஸ் தரும்; ஆனால் தன் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று செங்குத்தாக விழும். மூடியது 12 டெசிபல் என்று மெதுவாக இறங்கும். மிருதங்கத்தின் தொப்பி அடி தெளிவாக விழுந்து உடனே நிற்க வேண்டும் என்று நினைக்கும் எனக்கு மூடிய பெட்டி பிடிக்கும். சினிமா பார்க்கிறவர்கள் குழாய் கேட்பார்கள். எதை வாங்கினாலும், பின்பக்கம் குழாய் உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். கடைகளில் நெட்வொர்க் என்றும் சொல்வார்கள். மலிவான பெட்டியில் ட்வீட்டருக்கு வரிசையாக ஒரே ஒரு கெப்பாசிட்டர் மட்டும் இருக்கும். 8 ஓம் ட்வீட்டரோடு 4.7 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கெப்பாசிட்டரின் அளவு) போட்டால் சுமார் 4,200 ஹெர்ட்ஸில் பிரியும், 2.2 எம்எஃப்டி போட்டால் 9,000. 2.2 போட்ட பெட்டியில் வூஃபர் 9,000 வரை தானே பாட வேண்டியிருக்கிறது. எட்டு அங்குல கோன் அதைச் செய்ய முடியாமல் திணறும், குரலின் தெளிவு போய்விடும். பெட்டியைத் திறந்து பார்க்க முடிந்தால் உள்ளே காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஒரு பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: இப்போது வாட்ஸ்

தேவையான எண்களெல்லாம் கைக்கு வந்துவிட்டன. 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள், நாற்காலி 2 மீட்டர் தள்ளி. தூரம் இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும்: 81. ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 கூடும்: 84. ஆளுக்கு 1 வாட்டிலேயே 84 டெசிபல் கிடைக்கிறது! (அறைச் சுவர்கள் திருப்பித் தரும் ஒலியை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் கூடும்.) நிம்மதியாகக் கேட்கும் 75 டெசிபலுக்கு ஆம்ப்ளிஃபயர் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கொடுப்பது அரைக்கால் (1/8) வாட்.

அப்படியானால் பெரிய ஆம்ப்ளிஃபயர் எதற்கு? இசையில் சராசரியைவிட 20 டெசிபல் உயரும் நொடிகள் உண்டு. தவில் ஓங்கி விழும் அடி, கடத்தின் தெறிப்பு எல்லாம் அப்படித்தான். சராசரி 75 என்றால் உச்சி 95. அதற்கு 13 வாட்ஸ் வேண்டும். இந்த இடைவெளிக்கு ஹெட்ரூம் என்று பெயர். இன்னும் 6 டெசிபல் கூட்டிக் கேட்பீர்கள் என்று வைத்தாலும் 50 வாட்ஸில் முடிந்துவிடும். 12 அடி ஹாலுக்கு நேர்மையான 50 வாட்ஸ் தாராளம்.

நேர்மையான வாட்ஸ் எது? தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியை ஆர்எம்எஸ் என்று எழுதுவார்கள். அதோடு எத்தனை ஓமில், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் என்பதும் இருக்க வேண்டும். பிஎம்பிஓ (ஒரு கண நேர உச்சச் சக்தி என்று சொல்லிக்கொள்வது) என்று எழுதியிருப்பதற்கு எந்தத் தர அமைப்பின் வரையறையும் கிடையாது. விற்பவர் விரும்பிய எண்ணைப் போடலாம். ஆகவே பின்பக்க ஸ்டிக்கரில் மின்செலவைப் பாருங்கள். உள்ளே போகும் மின்சாரத்தைவிடக் கூடுதலான ஒலிச் சக்தி தொடர்ந்து வெளியே வர வழியே இல்லை.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி அசெம்பிள் செய்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 12ஐ 1.414ஆல் பெருக்குங்கள்: 17 வோல்ட் டிசி. ஐசிக்குள் 3 வோல்ட் போல விழும், மீதி 14. 14ஐ 14ஆல் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்தால் 8 ஓமுக்கு 12 வாட்ஸ், 4 ஓமுக்கு 24 வாட்ஸ். போர்டில் என்ன எண் அச்சடித்திருந்தாலும் 12-0-12 அதைத் தாண்டாது. பல்லாயிரம் பேர் சாலிடர் செய்த டிடிஏ2030 ஐசிக்கு அதைத் தயாரித்தவர்கள் தந்த தாளிலேயே 4 ஓமில் 14 வாட்ஸ் என்றுதான் இருக்கிறது. 12 வாட்ஸ் குறைவில்லை என்பதற்கு மேலே போட்ட கணக்கே சாட்சி.

கிளிப்பிங் என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்க முடியாத அளவு வோல்ட்டை ஆம்ப்ளிஃபயரிடம் கேட்டால் ஒலி அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். அந்த வெட்டிலிருந்து புதிதாகக் கீச்சு ஒலிகள் பிறந்து ட்வீட்டருக்குள் போகும், மெல்லிய காயில் கருகும். குரல் கிழிய ஆரம்பித்ததும் வால்யூமைக் குறைத்துவிட வேண்டும்.

படி 5: ஆம்ப்ளிஃபயரின் மற்ற எண்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். இன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன.

டிஎச்டி என்பது மொத்த ஹார்மோனிக் டிஸ்டார்ஷன், மூல ஒலியில் இல்லாத எத்தனை சதவீதம் சேர்கிறது என்ற அளவு. 0.1 சதவீதத்துக்கும் 0.01க்கும் உள்ள வேறுபாடு பாட்டில் கேட்காது. ஸ்பீக்கரே பேஸில் 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கும். ஆனால் வாட்ஸுக்குப் பக்கத்தில் ‘10 சதவீத டிஎச்டியில்’ என்று இருந்தால் கவனியுங்கள்: ஏற்கெனவே கிளிப் ஆகும் நிலையில் அளந்த வாட்ஸ் அது. கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எஸ்என்ஆர், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. 90 டெசிபலுக்கு மேல் இருந்தால் ‘ஸ்ஸ்’ கேட்காது. கேசட்டில் இது 50 சொச்சம்தான் இருந்தது. அதனால்தான் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டன் தேவைப்பட்டது.

கிளாஸ் ஏ, ஏபி, டி என்பவை தரவரிசை அல்ல, வேலை செய்யும் முறைகள். ஏ எப்போதும் கொதிக்கும், மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகப் போகும். ஏபி வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் நெடுங்காலமாக இருப்பது. டி மிக வேகமாக ஸ்விட்ச் செய்து 90 சதவீதத்தை ஒட்டிய திறனோடு, சூடில்லாமல் ஓடும். ‘டி’ என்றால் டிஜிட்டல் என்று சிலர் சொல்வார்கள், தவறு. வரிசையில் அடுத்த எழுத்து, அவ்வளவுதான்.

படி 6: பாட்டு எங்கிருந்து வருகிறது

டிஜிட்டல் ஒலியை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. நொடிக்கு எத்தனை முறை அலையை அளந்தார்கள் என்பது சாம்பிள் ரேட், ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதினார்கள் என்பது பிட். 1982இல் வந்த சிடியில் 44,100 முறை, 16 பிட். இந்த 44,100 எங்கிருந்து வந்தது தெரியுமா? அப்போது டிஜிட்டல் ஒலியைப் பதிய வீடியோ டேப்பையே பயன்படுத்தினார்கள். ஒரு வரிக்கு 3 சாம்பிள், 245 வரிகள், நொடிக்கு 60 முறை, பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 3, 294, 50. அதையும் பெருக்கிப் பாருங்கள், அதே எண். ஒரு அலையைப் பிடிக்க அதன் அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் சாம்பிள் வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் தந்த விதி. 44,100இல் பாதி 22,050. காதின் எல்லை அதற்குள் அடங்கிவிடுகிறது. 16 பிட் தரும் இடைவெளி 96 டெசிபல். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு 24 பிட் வேண்டும். கேட்பதற்கு 16 பிட் போதும் என்பது என் முடிவு.

பிட்ரேட் வேறு. சிடி நொடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3 அதை 128 அல்லது 320ஆக நசுக்கும். 128இல் சலங்கையும் தாளமும் தண்ணீருக்குள் இருப்பது போலக் கேட்கும். 320இல் வித்தியாசம் சொல்வது கடினம். எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் போன்றவற்றுக்கு லாஸ்லெஸ் என்று பெயர். ஒரு எம்பி3யை ஃப்ளாக்காக மாற்றினால் போனது திரும்பி வராது.

இந்த எண்களை மின் அலையாக மாற்றுவது டேக் (டிஏசி). போனுக்குள்ளும் டிவிக்குள்ளும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. புளூடூத்தில் அனுப்பினால் ஒலி மறுபடி நசுக்கப்படும். அதைச் செய்வது கோடெக்: எஸ்பிசி எல்லாக் கருவியிலும் உண்டு, ஏஏசி ஐபோனுக்குப் பொருந்தும், எல்டேக் 990 கிலோபிட் வரை போகும். போனும் ஸ்பீக்கரும் இரண்டுமே தெரிந்து வைத்திருக்கும் கோடெக்தான் வேலை செய்யும் என்பதால், ஒரு பக்கத்தில் மட்டும் எல்டேக் இருந்து பயனில்லை.

படி 7: ஒயர்களும் ஓட்டைகளும்

சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்கள் இரண்டு சேனல் அனலாக் ஒலிக்கு. சிவப்பு வலது. டிவியிலிருந்து வருவதற்கு ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ ஆர்க் (ஏஆர்சி, டிவியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ ஒயரில் திருப்பி அனுப்பும் வசதி). ஆர்க் வேண்டுமானால் ‘ஆர்க்’ என்று எழுதிய எச்டிஎம்ஐ ஓட்டையில்தான் செருக வேண்டும். பக்கத்து ஓட்டையில் செருகிவிட்டு ஒலி வரவில்லை என்று தேடுகிறவர்கள் நிறைய. ஈஆர்க் என்பது அதன் அகலமான வடிவம், லாஸ்லெஸ் சரவுண்ட் ஒலி அதில்தான் போகும்.

5.1 என்றால் முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, பேஸுக்கு மட்டுமான சப் வூஃபர் ஒன்று. 5.1.2 என்று இருந்தால் கடைசி 2 தலைக்கு மேலே, மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் முறைக்கு. பாட்டு மட்டும் கேட்கிறவர்கள் அதே பணத்தில் நல்ல இரண்டு ஸ்பீக்கர் வாங்குவதே மேல். இரண்டு சேனல் பாட்டை ஆறு பெட்டிக்குப் பங்கு போட்டால் தரம் கூடாது.

ஸ்பீக்கர் ஒயருக்குக் கடை எலெக்ட்ரிக்கல் செப்பு ஒயர், 1.5 ஸ்கொயர் எம்எம் போதும். 5 மீட்டர் தூரத்துக்குப் போகவர அதன் தடை 0.12 ஓம்தான்.

படி 8: வைப்பதும் கேட்பதும்

ஸ்டீரியோ என்பதை 1931இல் காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்தவர் இ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் புளும்லைன். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து நடுவில் இல்லாத மூன்றாவதை உருவாக்குவதே அதன் அழகு. அதைப் பெற, இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக இருக்க வேண்டும். நம் ஹாலில் ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டர். ட்வீட்டர் காது உயரத்தில். சரியாக அமைந்தால் பாடுகிறவர் நட்டநடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்தில் நிற்பார். இதை இமேஜிங் என்பார்கள். அந்த நாற்காலி இருக்கும் இடம் ஸ்வீட் ஸ்பாட்.

குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவி, பேஸும் குறைவாக இருந்தால் போலாரிட்டி தவறியிருக்கிறது: ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். ஒரு கோன் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடவையுங்கள். பேட்டரியின் பிளஸ் சிவப்பில் பட்டால் வூஃபர் கோன் வெளியே வர வேண்டும். ட்வீட்டரில் நேரடியாக இதைச் செய்யக் கூடாது.

சப் வூஃபர் இருந்தால் கிராஸ்ஓவர் குமிழை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். பேஸ் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுத்தால் இன்னும் இறக்குங்கள். அதன் பின்னால் ஃபேஸ் என்று 0, 180 குறித்த ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க, இன்னொருவர் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் பேஸ் கூடுகிறதோ அதுவே சரி.

எல்லாம் முடிந்தும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம் மிச்சமிருந்தால், அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். இரண்டு கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த் ஆகும்போது அந்த வளையத்தில் ஓடும் மின்னோட்டம் ஒலியாகிறது; இதன் பெயர் கிரவுண்ட் லூப். ஆம்ப்ளிஃபயரை ஓடவிட்டு, இன்புட் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது ஹம் நிற்கிறதோ அந்தக் கருவிதான். எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஹம் போய்விடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், உயிருக்கு ஆபத்து. எல்லாப் பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றுங்கள். போதவில்லை என்றால் டிவியிலிருந்து வரும் ஒயரை ஆப்டிகலாக மாற்றுங்கள், அதில் போவது வெளிச்சம்தான், மின்சாரம் போகாது. எங்கள் வீட்டில் ஒரு மாதம் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன். கடைசியில் மொட்டை மாடியிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளை ஒருநாள் தற்செயலாகக் கழற்றியபோது ஹால் சட்டென்று அமைதியானது.